“ஏன் சிசேரியன் செய்தாய்” என்று கேட்டு யாரும் கோர்ட்டுக்குப் போவதில்லை

இரவுப்பணி எழுதியது:

தேவையில்லாமல் சிசேரியன் செய்ததற்காக உங்கள் மேல் யாராவது வழக்குப் போட்டார்களா என்று என்னோடு படித்த மகப்பேறு டாக்டர்களைக் கேட்டுப் பார்த்தேன். ஒருவர்கூட ஆமாம் என்று சொல்லவில்லை. பொறுத்துப் பார்த்ததற்காக, தாமதமாகச் செய்ததற்காக என்று கேட்டால் ஆளுக்கொரு கதை இருக்கிறது. பிரசவ வார்டில் இன்று நடக்கும் பாதி விஷயம் இந்த ஏற்றத்தாழ்விலிருந்து வருகிறது என்பது என் கருத்து. மறுப்பவர்கள் வாருங்கள், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதல் பிரசவம், அதிகாலை, கர்ப்பப்பை வாய் எட்டு சென்டிமீட்டர் திறந்திருக்கிறது. தாய்க்குத் தெம்பு இருக்கிறது. சிடிஜி (வயிற்றில் பெல்ட் கட்டிக் குழந்தையின் இதயத்துடிப்பைத் தாளில் பதியும் கருவி) தாளில் துடிப்பு கொஞ்சம் இறங்கி ஏறுகிறது. மோசம் என்றும் சொல்ல முடியாது, நல்லது என்றும் சொல்ல முடியாது. இன்னும் அரை மணி பொறுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும் ரகம். அதே தாளை ஐந்து டாக்டர்களிடம் காட்டினால் ஐந்து விதமாகப் படிப்பார்கள். குழந்தை பாதிப்போடு பிறந்துவிட்டது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுக் காட்டினால் ஐந்து பேருமே “இங்கேயே எடுத்திருக்க வேண்டும்” என்பார்கள்.

இந்தக் கருவி 1970-களில் வார்டுகளில் பரவியபோது, பிரசவத்தில் மூச்சுத்திணறி மூளை பாதிக்கப்படும் குழந்தைகள் இனி இருக்க மாட்டார்கள் என்று நம்பினார்கள். பிறகு 37,000-க்கு மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த 13 ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் குழு தொகுத்துப் பார்த்தது. தொடர்ந்து பெல்ட் கட்டிப் பார்ப்பதற்கும் அவ்வப்போது காதால் கேட்பதற்கும் இடையில் குழந்தை இறப்பில் வித்தியாசம் இல்லை, பெருமூளை வாதத்திலும் (மூளைப் பாதிப்பால் உடல் இயக்கம் கெடுவது) இல்லை. பிறந்த குழந்தைக்கு வரும் வலிப்பு பாதியாகக் குறைந்தது, அதை மறைக்கக் கூடாது. சிசேரியன் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடியது. அமெரிக்காவில் 1970-இல் நூற்றுக்கு 5 சொச்சமாக இருந்த சிசேரியன் இப்போது 32. பெருமூளை வாதம் மட்டும் அன்றும் இன்றும் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 2.

ஆனாலும் பெல்ட் போகவில்லை. ஏனென்றால் அது ஒரு தாளைக் கொடுக்கிறது. கோர்ட்டில் தாளைக் காட்டலாம், நான் காதால் கேட்டதைக் காட்ட முடியாது.

—

அமுதினி எழுதியது:

அப்போ அந்த பெல்ட் எனக்காகவா உங்களுக்காகவா டாக்டர்? நடக்கிறேன் என்றேன், எழுந்திருக்கக் கூடாது என்றார்கள். குந்தி உட்காரட்டுமா என்றேன், சிக்னல் போய்விடும் என்றார்கள். வலியோடு மல்லாந்து கிடந்ததெல்லாம் தாளுக்காகத்தானா? கோபமாகக் கேட்கவில்லை. சரி, கொஞ்சம் கோபமாகத்தான் கேட்கிறேன்.

—

லேபர்வார்டு சிஸ்டர் எழுதியது:

அமுதினிக்கு நான் பதில் சொல்கிறேன். டாக்டர் சொல்வதில் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது.

காதால் கேட்பது என்றால் சும்மா இல்லை. வலி வந்து ஓய்ந்தவுடன் முழுதாக ஒரு நிமிஷம் கேட்க வேண்டும். முதல் கட்டத்தில் 15 முதல் 30 நிமிஷத்துக்கு ஒரு தரம், முக்கும் கட்டத்தில் 5 நிமிஷத்துக்கு ஒரு தரம். அதற்கு ஒரு தாய்க்கு ஒரு சிஸ்டர் வேண்டும். இரவில் எனக்கு எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். பெல்ட் கட்டிவிட்டால் மேஜையில் உட்கார்ந்துகொண்டே நாலு கட்டிலையும் திரையில் பார்க்கலாம். நிர்வாகத்துக்கு அது வசதி. கேட்டால் “சட்டப் பாதுகாப்பு” என்பார்கள். ஆள் போடாததற்கு வழக்குப் பயம் நல்ல சாக்கு.

அப்புறம் எழுத்து வேலை. இருபது வருடத்துக்கு முந்திய கேஸ் ஷீட்டைப் பாருங்கள், இன்றையதைப் பாருங்கள். இன்று ஒரு பிரசவத்துக்கு நான் எழுதும் பக்கங்களில் பாதி, ஏதாவது நடந்தால் ஆஸ்பத்திரியைக் காப்பாற்ற. அந்த நேரத்தில் நான் தாயின் முதுகைத் தேய்த்துவிட்டிருக்கலாம். பக்கத்தில் ஒருவர் விடாமல் துணை இருந்தால் சிசேரியன் குறைகிறது, வலி மருந்தும் குறைகிறது என்று ஆய்விலேயே தெளிவாக வந்திருக்கிறது. துணை இருந்ததற்குக் கேஸ் ஷீட்டில் கட்டம் கிடையாது.

திறப்பு கணக்கும் அப்படித்தான். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் வரவில்லை என்றால் பிரசவம் நகர்வதைக் குறிக்கும் தாளில் கோடு தாண்டிவிட்டது, வலி கூட்டும் மருந்தை ட்ரிப்பில் ஏற்று. மணிக்கு ஒன்று என்பது எல்லாருக்கும் பொருந்தாது, 5 சென்டிமீட்டர் வரை மெதுவாகத்தான் போகலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-லேயே சொல்லிவிட்டது. வார்டில் ஒட்டியிருக்கும் தாளில் பழைய கோடு இன்னும் இருக்கிறது.

—

சட்டம்படித்தவன் எழுதியது:

இரவுப்பணி சார், உங்கள் பயம் உண்மை. ஆனால் நீங்கள் பயப்படும் சட்டம் வேறு, இருக்கிற சட்டம் வேறு.

ஆபத்தில்லாத பிரசவத்துக்குக் காதால் கேட்பதே போதும் என்று பிரிட்டனின் வழிகாட்டுதல் சொல்கிறது. 1957 போலம் வழக்கிலிருந்து அங்கே கேட்கப்படும் கேள்வி, பொறுப்புள்ள மருத்துவர் குழு ஒன்று இதைச் சரியென்று ஏற்குமா என்பதுதான். வழிகாட்டுதலைப் பின்பற்றி, அதை எழுதியும் வைத்த மருத்துவர் தோற்பது அரிது. இந்திய உச்ச நீதிமன்றமும் 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் மருத்துவர் மேல் குற்ற வழக்குத் தொடர வேண்டுமென்றால் மிக மோசமான கவனக்குறைவு இருக்க வேண்டும், அதற்கு முன் சார்பில்லாத மருத்துவக் கருத்து பெற வேண்டும் என்றது. சாதாரணத் தீர்ப்புப் பிழைக்குக் கைவிலங்கு கிடையாது.

சட்டம் உண்மையில் கடுமையானது வேறொரு இடத்தில். மாண்ட்கோமரி வழக்கு, பிரிட்டன் உச்ச நீதிமன்றம், 2015. தாய்க்குச் சர்க்கரை நோய், உயரம் குறைவு, குழந்தை பெரிது. தலை வந்த பிறகு தோள் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு நூற்றுக்கு 9 முதல் 10. டாக்டர் அதைச் சொல்லவில்லை. சொன்னால் எல்லாப் பெண்களும் சிசேரியன் கேட்பார்கள் என்பது அவருடைய காரணம். 1999-இல் குழந்தை தோள் சிக்கி, மூளைப் பாதிப்போடு பிறந்தது. தாய்க்குத் தெரிய வேண்டியதைச் சொல்லாதது தவறு, டாக்டர்களின் வழக்கம் என்ன என்பது இந்தக் கேள்விக்கு அளவுகோல் ஆகாது என்று தீர்ப்பு வந்தது. இழப்பீடு 52 லட்சம் பவுண்டுக்கு மேல்.

பாருங்கள், கோர்ட் கேட்டது பேச்சை. ஆஸ்பத்திரிகள் அதற்குப் பதிலாகக் கொடுத்தது படிவத்தை. இடுப்பு வலி உச்சத்தில் இருக்கும் பெண்ணிடம் ஆறு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்குவது எந்தச் சட்டத்திலும் சம்மதம் ஆகாது. கட்டிலோரத்தில் நின்று கையெழுத்து வாங்கியவரை நான் குறுக்கு விசாரணை செய்தால் பத்து நிமிஷம் தாங்க மாட்டார்.

—

கலகக்குரல் எழுதியது:

வழக்குப் பயமாம். சிசேரியனுக்கு பில் எவ்வளவு, சுகப்பிரசவத்துக்கு பில் எவ்வளவு? அதைப் பேசுங்கள். மற்றதெல்லாம் கதை.

—

எண்பார்வை எழுதியது:

கலகக்குரல், பில்லும் ஒரு காரணம், யாரும் மறுக்கவில்லை. ஆனால் சிகிச்சை இலவசமாக இருக்கும் இடங்களிலும் சிசேரியன் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. பணத்தை மட்டும் வைத்து அதை விளக்க முடியாது.

அதே சமயம் இழை தொடங்கியவரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வழக்குப் பயம்தான் முழுக் காரணம் என்றால், இழப்பீட்டுக்கு உச்சவரம்பு வைத்தவுடன் சிசேரியன் குறைய வேண்டும். அமெரிக்காவில் மாநிலம் மாநிலமாக இந்தச் சோதனை தானாகவே நடந்திருக்கிறது. ஜேனட் கரி, பென்ட்லி மெக்லியோட் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், வேதனைக்கான இழப்பீட்டுக்கு வரம்பு வைத்த மாநிலங்களில் சிசேரியனும் மருந்து கொடுத்து வலி வரவைப்பதும் கூடின, சிக்கல்களும் கூடின. ஒவ்வொருவரும் தன் தவறின் பங்குக்கு மட்டும் பொறுப்பு என்று சட்டம் மாறிய இடங்களில் அவை குறைந்தன. அதாவது பயத்தை எடுத்துவிட்டால் கவனமும் கொஞ்சம் போய்விடுகிறது. பொறுப்பு சரியான ஆள் மேல் விழுந்தால்தான் பலன்.

பயம் தெளிவாகத் தெரியும் இடம் ஒன்று உண்டு. ஒரு சிசேரியனுக்குப் பிறகு சுகப்பிரசவம் முயல்வது. அமெரிக்காவில் 1996-இல் நூற்றுக்கு 28 பேர் அப்படிப் பெற்றார்கள். பத்தே வருடத்தில் 10-க்குக் கீழே போய்விட்டது. கர்ப்பப்பையா மாறியது?

—

மகனின்அப்பா எழுதியது:

இங்கே வழக்குப் போட்டவர் யாரும் பேசவில்லை. நான் போட்டவன்.

பணத்துக்காகப் போகவில்லை என்று சொல்ல மாட்டேன். பணமும் வேண்டும்தான். என் மகனுக்கு உட்காரும் நாற்காலி, விழுங்கப் பயிற்சி, நாங்கள் போன பிறகு யார் பார்ப்பது, எல்லாம் பணம். ஆனால் வக்கீலைப் பார்க்க வைத்தது வேறு. அன்று இரவு என்ன நடந்தது என்று யாரும் சொல்லவில்லை. அதுவரை வராண்டாவில் சிரித்துப் பேசிய டாக்டர் மறுநாளிலிருந்து வேறு வழியாகப் போனார். “மேலிடத்தில் பேசச் சொல்லியிருக்கிறார்கள்” என்று ஒரு சிஸ்டர் மட்டும் காதோடு சொன்னார். பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள் என்பதைத்தான் அப்படிச் சொன்னார் என்று பிறகு புரிந்தது.

கேஸ் ஷீட் நகல் கைக்கு வந்தபோது அரை மணிக்கு ஒரு வரி இருந்தது. 1.15, 1.45, 2.15. எல்லாம் ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரே சாய்வு. 2.15-இல் “கணவரிடம் நிலைமை விளக்கப்பட்டது” என்று இருந்தது. 2.15-க்கு நான் ரத்த வங்கி வாசலில் நின்றுகொண்டிருந்தேன், ரசீதில் நேரம் அச்சாகியிருக்கிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் வழக்குப் போட்டேன் என்றால் நம்புவீர்களா? 2.15-க்கு உண்மையிலேயே யாராவது வந்து, சார், குழந்தைக்குத் துடிப்பு சரியில்லை, என்ன செய்கிறோம் என்று சொல்லியிருந்தால் எனக்கு அந்த மனிதர் மேல் கோபமே வந்திருக்காது.

இரவுப்பணி சார், நீங்கள் எங்களைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். அந்தப் பயத்தில் வாயை மூடுகிறீர்கள். வாயை மூடியதால்தான் நாங்கள் கோர்ட்டுக்கு வந்தோம்.

—

இரவுப்பணி எழுதியது:

மகனின்அப்பா, உங்களுக்குப் பதில் சொல்ல நான் யார் என்று தோன்றுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். பிறகு எழுதப்பட்ட வரிகளை நானும் பார்த்திருக்கிறேன். அதற்குச் சமாதானம் எதுவும் கிடையாது.

நீங்கள் கேட்டதை ஒரு நாடு நிறுவனமாகவே கட்டியிருக்கிறது. ஜப்பான். 2004 டிசம்பரில் ஃபுகுஷிமா மாகாணத்தில் நஞ்சுக்கொடி பிரியாமல் கர்ப்பப்பையோடு ஒட்டிக்கொண்டு ஒரு தாய் சிசேரியனில் இறந்தார். 2006-இல் டாக்டரைப் போலீஸ் கைது செய்தது. 2008-இல் அவர் குற்றமற்றவர் என்று விடுதலையானார், ஆனால் அதற்குள் பல ஆஸ்பத்திரிகள் பிரசவப் பிரிவையே மூடத் தொடங்கியிருந்தன. சின்ன ஊர்ப் பெண்கள் பிரசவத்துக்கு வெகுதூரம் போக வேண்டியதாயிற்று. வழக்குப் பயத்தின் கடைசி எல்லை இதுதான்: சிசேரியன் கூடுவது அல்ல, பிரசவமே பார்க்க மாட்டோம் என்பது.

அதன் பிறகு 2009-இல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். பிரசவத்தோடு தொடர்புடைய கடுமையான பெருமூளை வாதம் என்றால், யார் தவறு என்று நிரூபிக்காமலே குடும்பத்துக்கு 3 கோடி யென், பல ஆண்டுகளாகப் பிரித்து. அதோடு, எனக்கு முக்கியமாகப் படுவது, ஒவ்வொரு கேஸையும் நிபுணர் குழு ஆராய்ந்து என்ன நடந்தது என்று ஓர் அறிக்கை எழுதுகிறது. அந்த அறிக்கை குடும்பத்துக்கும் போகிறது, ஆஸ்பத்திரிக்கும் போகிறது. பெயர் நீக்கிய சுருக்கம் மற்ற டாக்டர்கள் படிக்கக் கிடைக்கிறது. உங்கள் 2.15 அங்கே ஒரு குழுவின் மேஜையில் கேள்விக்கு வந்திருக்கும்.

—

சட்டம்படித்தவன் எழுதியது:

நல்ல உதாரணம், ஆனால் ரொம்பப் புகழ வேண்டாம். பிரசவத்துக்கு முன்பே உண்டான பாதிப்பு என்று முடிவானால் அந்தக் குடும்பத்துக்கு ஒன்றுமில்லை. பிள்ளை வளர்ப்பின் கஷ்டம் இரண்டு வீட்டிலும் ஒன்றுதான். ஸ்வீடன் 1975-லிருந்து, நியூசிலாந்து 1974-லிருந்து தவறு நிரூபிக்காமல் இழப்பீடு கொடுக்கின்றன. நியூசிலாந்தில் மருத்துவக் காயத்துக்காகச் சாதாரணமாக வழக்கே போட முடியாது. ஆனால் அங்கேயும் சிசேரியன் ஏறித்தான் இருக்கிறது. எண்பார்வை சொன்னது போலத்தான், வழக்கை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகாது.

சட்டமே மாறாமல் செய்யக்கூடியதும் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனை 2001-லிருந்து தவறு நடந்தால் தானே போய்ச் சொல்கிறது, விளக்குகிறது, தன் தவறு என்றால் தானே இழப்பீடு தருகிறது. வழக்குகள் ஏறும் என்று பலர் பயந்தார்கள். குறைந்தன. தீர்வுக்கு ஆகும் காலமும் குறைந்தது.

—

தென்றல்_7 எழுதியது:

எல்லாம் படித்தேன். எனக்கு இது கதை இல்லை, ஏழாவது மாதம். முதல் குழந்தை சிசேரியன், துடிப்பு குறைகிறது என்று எடுத்தார்கள். இரண்டாவது சுகப்பிரசவம் முயலலாமா என்று கேட்டால் “எங்கள் பாலிசி இல்லை” என்ற ஒரே பதில். என் உடம்பில் என்ன பிரச்சினை என்று யாரும் சொல்லவில்லை. இது பயமா, உண்மையான ஆபத்தா?

—

இரவுப்பணி எழுதியது:

இரண்டும், அம்மா. பிரித்துச் சொல்கிறேன்.

ஆபத்து: கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்கே ஒரே ஒரு தழும்பு என்றால், வலியின்போது அது விட்டுப்போகும் வாய்ப்பு ஆயிரத்துக்கு ஐந்து போல. விட்டால் நிமிஷக் கணக்கு, குழந்தை போகலாம், தாயும் போகலாம். முயல்பவர்களில் நூற்றுக்கு 60 முதல் 80 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது.

பயம்: 1999-இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் தொழில் அமைப்பு, இப்படி முயலும் இடத்தில் அவசரச் சிசேரியனுக்கான டாக்டர் “உடனடியாக” இருக்க வேண்டும் என்று எழுதியது. மருத்துவ நோக்கில் நியாயமான வரிதான். ஆனால் மயக்க மருந்து டாக்டர் இரவில் வீட்டில் இருக்கும் ஆஸ்பத்திரிகள் அதை வக்கீல் கண்ணால் படித்தன, ஒட்டுமொத்தமாகக் கதவை மூடின. எண்பார்வை சொன்ன சரிவில் பெரும் பகுதி அதுதான். 2010-இல் அதே அமைப்பு தன் வார்த்தையைத் தளர்த்தியது. மூடிய கதவுகளில் பல அப்படியே இருக்கின்றன.

“பாலிசி இல்லை” என்பவர்கள் சொல்லாதது ஒன்று உண்டு. மறுபடி சிசேரியன் என்பது ஆபத்தில்லாத வழி இல்லை. அதன் ஆபத்து தள்ளிப் போகிறது, அவ்வளவுதான். அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கர்ப்பப்பை வாயை மறைத்திருந்தால், அது பிரியாமல் ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு, முன்பு சிசேரியனே ஆகாதவருக்கு நூற்றுக்கு 3, ஒன்று ஆனவருக்கு 11, இரண்டு ஆனவருக்கு 40. அப்படி ஒட்டினால் பெரும்பாலும் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டியிருக்கும். அந்த இரவில் மேஜைக்கு முன் நிற்பவர் வேறு டாக்டர், வேறு ஆஸ்பத்திரி. முதல் சிசேரியன் செய்தவர் பெயர் எந்த வழக்கிலும் வராது. நான் இழை தொடங்கியது இதைச் சொல்லத்தான்.

ஒன்றிரண்டு பிள்ளைகளோடு நிறுத்துவீர்கள் என்றால் கணக்கு ஒரு மாதிரி, இன்னும் வேண்டும் என்றால் வேறு மாதிரி. அதை உங்களிடம் கேட்காமல் பாலிசி பேசுவது எனக்குப் புரியவில்லை.

—

லேபர்வார்டு சிஸ்டர் எழுதியது:

தென்றல், போகும் இடத்தில் “செய்வீர்களா” என்று கேட்காதீர்கள், எல்லாரும் பார்க்கலாம் என்பார்கள். இரவு இரண்டு மணிக்கு மயக்க மருந்து டாக்டர் எங்கே இருப்பார், ஆபரேஷன் தியேட்டர் ஆள் உள்ளேயே தூங்குவாரா, போன வருடம் இப்படி எத்தனை பேர் முயன்றார்கள் என்று கேளுங்கள். உங்களைப் போன்றவருக்குப் பெல்ட் தேவை, அதில் நான் டாக்டரோடு சண்டை போட மாட்டேன். தழும்பு விடும்போது முதலில் காட்டிக்கொடுப்பது குழந்தையின் துடிப்புதான். பெல்ட் கட்டிக்கொண்டே கட்டிலோரம் நிற்கலாம், சாயலாம், யாராவது பிடித்துக்கொண்டால் போதும்.

—

தென்றல்_7 எழுதியது:

நன்றி சிஸ்டர், நன்றி டாக்டர். தழும்பு கீழே குறுக்கேதான் இருக்கிறதா என்று எனக்கே தெரியாது. பழைய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் குறிப்பு கேட்டேன். “எதுக்கும்மா, கேஸ் போடப் போறீங்களா?” என்றார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் “எமர்ஜென்சி சிசேரியன்” என்று ஒரே வரி.

—

சட்டம்படித்தவன் எழுதியது:

எதற்கு என்று சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை, ஆனாலும் சொல்லிவிடுங்கள். “அடுத்த பிரசவத்துக்கு என் டாக்டர் கேட்கிறார்” என்று எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வாயால் கேட்டதற்குச் சாட்சி கிடையாது. நீங்கள் எந்த நாடு என்று தெரியவில்லை. இந்தியா என்றால் 2002 மருத்துவக் கவுன்சில் விதிமுறைப்படி கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணம் தர வேண்டும், அந்த வரியையும் கடிதத்தில் சேருங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி வேண்டாம், ஆபரேஷன் குறிப்பு என்றே குறிப்பிடுங்கள்.

—

இரவுப்பணி எழுதியது:

வந்தவுடன் கர்ப்பப்பையில் கீறல் எங்கே, எந்தப் பக்கமாக என்ற வரியைப் பாருங்கள். வயிற்றுத் தோலில் இருக்கும் தழும்பை வைத்து அதை முடிவு செய்ய முடியாது. கீறல் மேல்நோக்கி நீண்டது, பக்கவாட்டில் கிழிந்தது என்று ஏதாவது இருந்தாலும் முக்கியம். எத்தனை சென்டிமீட்டரில் எடுத்தார்கள் என்பதும் இருக்கும். குறிப்பு கிடைத்ததும் உங்கள் டாக்டரிடம் நேரில் காட்டுங்கள், இங்கே போட வேண்டாம்.